ஏனையவை

எங்கள் கல்லூரியின் மாதாந்த முன்னேற்றப் படிவத்தில் முப்பத்திரண்டு நிரல்கள் இருக்கின்றன. குழுக் கூட்டங்கள், பொருட்பதிவேடு, மின்பிறப்பாக்கி ஓடிய நேரம், நுளம்பு பெருகும் இடங்கள், வளாகத்துக்குள் முதலை தென்பட்டதா இல்லையா என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. தை மாத முடிவில் அந்தப் படிவத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இரண்டு தடவை தேடிவிட்டு, அலுவலகத்தில் ஹலீம் நானாவிடம் போனேன்.

"நானா, படிப்பிச்சதை எந்த நிரல்ல போடுற?"

ஹலீம் நானா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"ஆரு படிப்பிச்ச? நீங்களா சேர்?"

"இந்த மாசம் நாலு மணித்தியாலம்."

"அப்ப ஏனையவையில போடுங்க. கடைசி நிரல். நாப்பது எழுத்துக்கு மேல எடுக்காது, சுருக்கமா எழுதுங்க."

என் பெயர் விஜிதரன். பெரியகல்லாற்றிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து, மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கும் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் நில அளவை படிப்பிக்கிறேன். நியமனக் கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் விளக்கம் எழுதித் தரச்சொல்லி ஒரு கடிதம் வரும், அந்தக் கடிதத்தைத் தயாரிக்க வேண்டியவனும் நான்தான்.

முன்பு எங்கள் அலுவலகத்தில் ஆறு எழுதுவினைஞர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். அந்த இடங்களுக்கு ஆள் எடுக்கவேண்டாம் என்று ஒரு சுற்றுநிருபம் வந்தது. எஞ்சியவர் ஹலீம் நானா ஒருவர்தான். ஆறு பேரின் வேலையை ஒருவர் தலையில் கட்டுவது அநியாயம் என்று கல்லூரி அதிபர் நல்லரத்தினம் மனம் வருந்தினார். வருந்தி, அந்த வேலையை எங்கள் தலையில் கட்டினார். ஹலீம் நானாவின் கடமைப் பட்டியல் மாற்றி எழுதப்பட்டது. இப்போது அவருடைய கடமை, விரிவுரையாளர்கள் எழுதுவினைஞர் வேலையைச் சரியாகச் செய்கிறார்களா என்று பார்ப்பது. அந்த மனிதருக்கு முப்பத்தொரு வருட அனுபவம். நான் ஒரு பிற்பகல் முழுக்க மல்லுக்கட்டும் கடிதத்தை அவர் பத்து நிமிடத்தில் முடிப்பார். ஆனால் தொடக்கூடாது. நான் பிழைவிடுவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டியபடி இருப்பார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் பாவமாக இருக்கும்.

அதிபர் நல்லவர். கத்தமாட்டார். கூட்டங்களில் அவர் பேசுவதைக் கேட்டால் எங்களுக்கே எங்கள்மேல் வெட்கம் வரும்.

"படிப்பிக்கிறது உங்களுக்குத் தெரிஞ்ச வேலை," என்றார் அந்த வருடத்து முதல் கூட்டத்தில். "தெரிஞ்ச வேலையையே திரும்பத் திரும்பச் செய்தா நிறுவனத்துக்கு என்ன வளர்ச்சி? நான் இந்தக் கதிரைக்கு வந்து ஏழு வருசம். ஒரு வகுப்புக்குள்ள கால் வச்சிருப்பனா? இல்ல. கல்லூரி நடக்கல்லியா? நடக்குது. அப்ப கல்லூரியை நடத்துறது எது எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

நாங்கள் யோசித்துப் பார்த்தோம். யோசித்து முடிவதற்குள் எனக்கு இரண்டு பதவிகள் கிடைத்தன. முந்தியவற்றோடு சேர்த்துப் பதினொன்று. விடுதிப் பொறுப்பாளர், பொருட்பதிவேட்டு அலுவலர், மின்பிறப்பாக்கிக் கண்காணிப்பாளர், நுளம்புக் கட்டுப்பாட்டு இணைப்பாளர், முதலை அவதானிப்புக் குழுத் தலைவர், ஒழுக்காற்று விசாரணை இணைப்பாளர், இப்படிப் போகும். வெள்ளம் தலைக்குமேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. முதலைக் குழுவில் நான் மட்டும்தான் உறுப்பினர். காலையில் வாவிப் பக்கத்து வேலியோரம் நடந்துவிட்டு, "இன்று தென்படவில்லை" என்று எழுதிக் கையொப்பம் வைக்கவேண்டும். மாதத்துக்கு ஒருமுறை குழுவைக் கூட்டி, எனக்கு நானே நன்றி தெரிவித்துக் கலைப்பேன்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். பொறுக்க முடியாதது எட்டாம் அலகு.

இரண்டாம் வருட நில அளவைப் பாடத்தில் எட்டாவது அலகு மட்டம் எடுப்பது. நிலத்தில் எது மேடு, எது பள்ளம், எவ்வளவு என்று லெவல் கருவியை வைத்துக் கண்டுபிடிப்பது. முப்பத்தாறு மணித்தியாலப் பாடம். இறுதிப் பரீட்சையில் முதலாம் கேள்வி அதிலிருந்துதான் வரும், கட்டாயக் கேள்வி, நாற்பது புள்ளி. அதைத் தொடாதவர் சித்தியடைவது கல்லில் நார் உரிப்பது போல. முந்திய வருடம் அந்த அலகுக்கு நான் ஐந்து மணித்தியாலம்தான் கொடுத்தேன். பதினெட்டுப் பேரில் நான்கு பேர் சித்தியடைந்தார்கள். மீதிப் பதினான்கு பேரின் முகங்களும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. ஒருத்தி காத்தான்குடியில் கடையொன்றில் நிற்கிறாள். என்னைக் கண்டால் இன்னும் "சேர்" என்று எழும்புவாள். அதனால் அந்தத் தெருவால் போவதை நான் விட்டுவிட்டேன்.

இந்த வருடம் இருபத்திரண்டு பேர். அதில் பிரஷாந்தி என்று வெல்லாவெளிப் பிள்ளை ஒருத்தி. வகுப்பு முடிந்தால் மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓடுவார்கள், இவள் கொப்பியோடு என் மேசைக்கு வருவாள்.

"சேர், எட்டாம் அலகு எப்ப தொடங்குவீங்க?"

"என்ன அவசரம்?"

"எங்கட வட்டையில கடைசி வயல் எங்கட. ரெண்டு போகமா வாய்க்கால்ல தண்ணி வருகுதில்ல. வாய்க்கால் சரியான சரிவிலதான் வெட்டின, நீங்கதான் வயலைச் சரியாப் பாக்கல்ல எண்டு அப்பாக்குச் சொல்றாங்க. அந்தச் சரிவை நான் ஒருக்கா அளந்து பாக்கணும். மறுகா சித்தியடைஞ்சா நீர்ப்பாசனப் பக்கத்தில கள உதவியாளர் வேலைக்கும் போடலாம்."

"வாற கிழமை தொடங்குவம்," என்றேன். மனமறிந்து சொன்ன பொய் இல்லை. அந்தக் கிழமை தொடங்கவும் செய்தேன். கரும்பலகையில் தலைப்பை எழுதினேன். அதற்குள் தொலைபேசி அடித்தது. விடுதித் தண்ணீர்த் தாங்கியின் மூடி எத்தனை அங்குலம் என்று மாகாண அலுவலகம் உடனே கேட்கிறதாம். "வகுப்பில நிக்கிறன்," என்றேன். "அஞ்சு நிமிசந்தான் சேர், வந்துட்டுப் போங்க," என்றார்கள். மூடியை அளந்துவிட்டு வந்தபோது தலைப்பு மட்டும் பலகையில் இருந்தது. அந்தத் தலைப்பு பிறகு ஐந்து கிழமை அழிக்கப்படாமல் அங்கேயே இருந்தது.

மாசியில் உற்பத்தித்திறன் போட்டி வந்தது. யப்பான்காரர் தொழிற்சாலைகளுக்குக் கண்டுபிடித்த ஐந்து எஸ் என்ற முறை. வேண்டாததை விலக்கு, வேண்டியதை ஒழுங்காக வை, துப்புரவு செய், அப்படியே பேணு என்று போகும். கெட்ட விடயம் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் கைக்கு வந்தால் எதுவும் ஒட்டுத்தாளாகத்தான் முடியும். கதவில் "கதவு" என்று ஒட்டினோம். மின்விளக்கு ஆளியில் "ஆளி" என்று ஒட்டினோம். குப்பைத்தொட்டியைச் சுற்றி மஞ்சள் கோடு கீறி, "குப்பைத்தொட்டியின் இடம்" என்று எழுதினோம். அதற்கும் இணைப்பாளர் நான்தான். பன்னிரண்டாவது பதவி. ஒட்டுத்தாள் ஒட்டும் பசையில் என் விரல் ரேகைகள் தேய்ந்து, வரவு பதியும் இயந்திரம் மூன்று நாள் என்னை அடையாளம் காணவில்லை. நான் வரவில்லை என்று எனக்கு விளக்கக் கடிதம் தயாரித்து, எனக்கே கொடுத்து, பதிலும் எழுதினேன்.

போட்டி விதிப்படி, ஆறு மாதம் பாவிக்காத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டவேண்டும். சிவப்பு அட்டை கட்டியது அகற்றப்படும். இரண்டு நாள் நான் அட்டைகளோடு அறை அறையாகப் போனேன். களஞ்சியத்தில் லெவல் கருவி அதன் மரப்பெட்டிக்குள் இருந்தது. கடைசியாகப் பாவித்த தேதியைப் பதிவேட்டில் பார்த்தேன். எட்டு மாதம். எட்டு மாதமாக நான் ஏன் அதைத் தொடவில்லை என்று கேட்க அட்டையில் இடமில்லை. அட்டையைக் கட்டி, "பாவனையற்றது" என்று எழுதி, இணைப்பாளர் என்ற இடத்தில் கையொப்பம் வைத்தேன். கையொப்பம் வைக்கும்போது எனக்கே ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் அன்று மாலைக்குள் இன்னும் எழுபது அட்டை கட்டவேண்டியிருந்தது.

அடுத்தது வகுப்பறை. கதிரைகளைக் கோட்டில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் ஒட்டி முடிந்ததும் அதிபர் வந்து பார்த்தார். கண் கலங்கினார்.

"இதை இப்பிடியே வச்சிருக்கணும்," என்றார். "பூட்டுங்க."

"பிள்ளைகள் சேர்?"

"பிள்ளைகள் வந்தா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதா? இருப்பாங்க. இருந்தா கதிரை அசையும். ஒரு மூணு கிழமைதானே, வீட்டில இருந்து படிக்கட்டும்."

நடுவர்கள் மூன்று பேர் கொழும்பிலிருந்து வந்தார்கள். பூட்டிய வகுப்பறையைத் திறந்து காட்டினோம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். இளையவராக இருந்த நடுவர் ஒருவர் மட்டும், "மாணவர்கள் எங்கே?" என்று கேட்டார்.

"மாணவர்களை வகைப்படுத்தி, அவரவர் இடத்தில் வைத்திருக்கிறோம்," என்றார் அதிபர்.

நடுவர் அதை எழுதிக்கொண்டார். எங்களுக்கு மாகாணத்தில் இரண்டாமிடம் கிடைத்தது. முதலாமிடம் இன்னும் திறக்கப்படாத ஒரு கட்டடத்துக்குப் போனதாகக் கேள்வி.

சான்றிதழை மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் கணக்காய்வு வினா வந்தது. கணக்காய்வாளர்கள் யாரும் பார்க்காத தாளைப் பார்ப்பவர்கள். என் தை மாதப் படிவத்தின் முப்பத்திரண்டாவது நிரலில், எட்டாம் அலகு இல்லாத அந்த நான்கு மணித்தியாலத்தைப் பார்த்திருக்கிறார்கள். "இரண்டாம் ஆண்டு நில அளவை, அலகு எட்டு, 36 மணித்தியாலங்கள். நடைபெறாமைக்கான காரணம் யாது? பொறுப்பானவர் யார்? ஒரு மாதத்தினுள் விசாரித்து அறிக்கையிடுக." பரீட்சைக்கு அப்போது ஆறு கிழமை இருந்தது.

அதிபர் என்னைக் கூப்பிட்டு, கதிரை காட்டி, தேநீர் வரவழைத்தார்.

"இதை நீங்கதான் விசாரிக்கணும்."

"சேர், குற்றஞ்சாட்டப்பட்ட ஆளே நான்தானே."

"அதாலதான் சொல்றன். வேற ஆளைப் போட்டா, அவர் முதல்ல வந்து உங்கட்டத்தான் கேக்கணும். நேரம் வீண். உங்களுக்கெண்டா விசயம் முழுக்கத் தெரியும். ஒழுக்காற்று இணைப்பாளரும் நீங்கதான். இதில ஒளிக்க ஒண்டும் இல்லியே?"

ஒளிக்க ஒன்றும் இல்லைத்தான். விசாரணை அலுவலர் நியமனக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று பஸ்ஸில் இருக்கை கிடைத்தும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. கல்லாற்றுப் பாலம் வரை நின்றுகொண்டே வந்தேன்.

விசாரணை முறைப்படி நடக்கவேண்டும். சாட்சிகளாக இருபத்திரண்டு மாணவர்களையும் அழைத்தேன். ஹலீம் நானா பழைய அலுமாரியிலிருந்து ஒரு பலகையைத் தேடித் தந்தார். "விசாரணை நடைபெறுகிறது. உட்பிரவேசிக்கத் தடை." அதைக் கதவில் மாட்டிவிட்டு உள்ளே போனேன். விசாரணைக்கு என்றதும் வகுப்பறைச் சாவியை ஒரு கேள்வியும் கேட்காமல் தந்துவிட்டார்கள்.

பிள்ளைகள் பயந்துபோய் இருந்தார்கள். நான் முதற் கேள்வியைக் கேட்டேன். "எட்டாம் அலகில உங்களுக்கு என்ன தெரியும்?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏதும் தெரிந்தால்தானே தெரியாதது எதுவென்று சொல்லலாம். விளக்குவதற்காகக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். ஐந்து கிழமைப் பழைய தலைப்பு அங்கே இருந்தது. அதன் கீழே ஒரு கோடு கீறி, அது நிலம் என்றேன். இன்னொரு கோடு கீறி, இது கருவியின் பார்வைக் கோடு என்றேன். தொலைபேசி அடித்தது.

"சேர், மின்பிறப்பாக்கி எண்ணெய்ப் படிவம்..."

"விசாரணையில இரிக்கிறன்."

"ஐயோ, மன்னிச்சுக்கங்க சேர்," என்று வைத்துவிட்டார்கள்.

நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கதவுக்கு வெளியே யாரோ கோப்போடு வந்து, பலகையை வாசித்து, கால்விரல் ஊன்றித் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. பதினொரு வருடமாக "வகுப்பில் நிற்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தவன் நான். ஒருநாளும் ஒருவரும் திரும்பிப் போனதில்லை. பிரஷாந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கொப்பியை விரித்தாள். மற்றவர்களும் விரித்தார்கள்.  நான் நிலக் கோட்டின்மேல் கருவியைக் கீறினேன்.

விசாரணை ஒன்பது நாள் நடந்தது, நாளுக்கு நான்கு மணித்தியாலம். வாக்குமூலங்களை முறைப்படி பதிவு செய்தேன். "கருவியின் உயரம் என்பது, தெரிந்த மட்டத்துடன் முதலாவது கோல் வாசிப்பைக் கூட்டினால் வருவது எனச் சாட்சி தெரிவித்தார். மேலும் வினவியபோது, சாட்சி கூட்டலில் விட்ட பிழையை ஏற்றுக்கொண்டார்." பயிற்சிக் கணக்குகளை இணைப்புகளாகச் சேர்த்தேன்.

ஆறாம் நாள் கருவி வேண்டியிருந்தது. அது சிவப்பு அட்டையோடு களஞ்சியத்தில், அகற்றப்பட வேண்டியவை என்ற மஞ்சள் கோட்டுக்குள் இருந்தது. பாவிப்பதற்கு என்று கேட்டால் தரமாட்டார்கள், பாவனையற்றது என்று கையொப்பம் வைத்தவனே நான்தான். "சான்றுப்பொருள் இலக்கம் ஒன்று" என்று எழுதிக் கொடுத்தேன். ஹலீம் நானா கூடவே வந்து, பெட்டியைத் தானே தூக்கி வாவிக்கரைவரை கொண்டுவந்து தந்தார். தல ஆய்வு என்று கோப்பில் எழுதினேன்.

முக்காலியை ஊன்றி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொருவராகக் கண் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பேர் தூரத்தில் அளவுகோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மேட்டில ஒண்டு பத்து. தண்ணிக்கரையில ரெண்டு நாப்பது," என்றாள் பிரஷாந்தி. "சேர், இலக்கம் கூடினா உசரமெல்லா? தண்ணிக்கரை எப்பிடி மேட்டை விட உசரமாகும்?"

"நீயே சொல்லு. கோல் எங்க நிக்குது?"

 கருவியைப் பார்த்தாள், கோலைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள்.

"பள்ளத்தில நிண்டா கோலும் கீழ போயிரும்," என்றாள். "அப்ப நமக்குக் கோல்ட மேற்பக்கம்தான் தெரியும். இலக்கம் கூடினா பள்ளம்."

அவ்வளவுதான். இதற்காகத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன் என்பது அப்போது ஞாபகம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் வேலிக்கு அப்பால் கண்டல் மரங்களுக்குள் ஒரு முதலை தலையைத் தூக்கியது. நான்கு வருடமாக நான் தேடிய முதலை. முதலை தென்பட்டால் விதிப்படி எல்லாரையும் வெளியேற்றி, வளாகத்தை மூன்று நாள் மூடவேண்டும். இன்னும் மூன்று நாள் பாடம் பாக்கி இருந்தது. பிள்ளைகளை அறுபது அடி பின்னுக்கு நகர்த்திவிட்டு, கருவியைத் திரும்ப ஊன்றச் சொன்னேன். முதலைப் புத்தகத்தில், "இன்று தென்படவில்லை" என்று எழுதினேன்.

அறிக்கை எண்பத்தேழு பக்கம் வந்தது. முடிவு ஒரு வரி. "எட்டாம் அலகு கற்பிக்கப்படவில்லை, காரணம், உரிய விரிவுரையாளர் அக்காலப்பகுதி முழுவதும் கடமையில் இருந்தமை." அதிபர் அறிக்கையைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு ஆழமான விசாரணை இந்த மாகாணத்தில நடந்திருக்காது," என்றார். "நீங்க பிழையான துறையில இருந்திட்டீங்க விஜிதரன்."

பரீட்சை நடந்தது. பெறுபேறு வரவேண்டிய நாளில் பெறுபேறு வரவில்லை, கடிதம் வந்தது. இருபத்திரண்டு பேரும் முதலாம் கேள்வியைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். அந்த அலகு கற்பிக்கப்படவில்லை என்பது விசாரணையில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டிருக்கிறது. கற்பிக்காததை மாணவர் அறிந்திருப்பது பாரதூரமான முறைகேட்டைக் காட்டுகிறது. பெறுபேறுகள் நிறுத்திவைக்கப்படுகின்றன.

பிரஷாந்தி அன்று பின்னேரம் வந்தாள். கள உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு அடுத்த புதன்கிழமை. பெறுபேற்றுத் தாள் இல்லாமல் உள்ளே எடுக்கமாட்டார்கள். அவள் அழவில்லை.

"நாங்க களவெடுத்த எண்டு சொல்றாங்களாம் சேர்," என்றாள். "அப்பா கேக்கிறார், உண்மையா எண்டு."

நான் நேரே அதிபரிடம் போனேன். அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்.

"ஒண்டும் பயப்பிட வேணாம். ரெண்டு பேரின்ட பேரைக் குடுப்பம். கேள்வித்தாள் அவங்களுக்குக் கிடைச்சிது, மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க எண்டு எழுதுங்க. இருபது பேர் தப்பிருவாங்க. ரெண்டைக் குடுத்து இருபதை எடுக்கிறதுதான் நிர்வாகம்."

"சேர், அதுகள் களவெடுக்கல்ல. நான் படிப்பிச்சனான்."

அதிபர் பேனாவை வைத்தார்.

"எப்ப?"

"விசாரணையில. ஒன்பது நாளும்."

"அப்ப விசாரணை?"

"அதுவும் நடந்த. ரெண்டும் ஒண்டா நடந்த."

அவர் முகத்தில் கோபமில்லை. வேதனைதான் இருந்தது. "உங்களைப் பத்தி நான் இப்பிடி நினைக்கல்ல, விஜிதரன். ஒரு அரச விசாரணையை, பதவியைப் பாவிச்சு... படிப்பிச்சிருக்கீங்க. பிள்ளைகளுக்கு முன்னாலயே செஞ்சிருக்கீங்க. எழுதித் தந்தா உங்கட பேருக்குத்தான் கறுப்பு. தனிப்பட்ட கோப்பில ஏறும். மறுகா அழியாது."

"எழுதித் தாறன் சேர்," என்றேன்.

அன்றே எழுதிக் கொடுத்தேன். கற்பித்ததைக் குற்றவாளியே ஒப்புக்கொண்டதால் முறைகேடு இல்லை என்று முடிவாகி, செவ்வாய்க்கிழமை மாலை பெறுபேறுகள் வந்தன. இருபது பேர் சித்தி, மற்ற இரண்டு பேருக்கும் வேறு கேள்விகளில் புள்ளி போதவில்லை. புதன்கிழமை பிரஷாந்தி நேர்முகத் தேர்வுக்குப் போனாள். போவதற்கு முதல்நாள் அவளும் தகப்பனும், மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை வைத்து வாய்க்காலை அளந்திருக்கிறார்கள். தொலைபேசியில் சொன்னாள்.

"எங்கட வயல் பக்கம் வாய்க்கால்ட அடி, மடையை விட அரையடி உசரம் சேர். தண்ணி மேல ஏறி வாறதுக்குக் காத்துக்கிட்டு இருந்திருக்கம்."

என் குற்றப்பத்திரம் அடுத்த கிழமை வந்தது. மூன்று குற்றம். ஒன்று, விசாரணை அலுவலராகக் கடமையாற்றிய வேளை, அனுமதியின்றி, ஒன்பது நாட்கள் கற்பித்தமை. இரண்டு, பாவனையற்ற பொருளைப் பாவித்தமை. மூன்று, முதலை தென்பட்டதை மறைத்தமை. மூன்றாவதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று யோசித்தேன். அறிக்கையின் அறுபத்தோராம் பக்கத்தில் ஒரு சாட்சியின் வாக்குமூலத்தில் நானே எழுதியிருக்கிறேன். இந்தத் தடவைதான் அறிக்கையை யாரோ வாசித்திருக்கிறார்கள்.

விசாரணை முடியும்வரை என்னைப் பன்னிரண்டு பதவிகளிலிருந்தும் நீக்குவதாகவும் கடிதத்தில் இருந்தது. அதை இரண்டு தடவை வாசித்தேன். அடுத்த பந்தியில், பதில் ஆட்கள் இல்லாதபடியால் மறு அறிவித்தல்வரை நானே தொடரவேண்டும் என்று இருந்தது.

குற்ற விபரத்தைக் கணினியில் பதியவேண்டும். நான் பதியப் போனபோது ஹலீம் நானா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். குற்றத்தின் வகை என்ற இடத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. களவு, கடமைக்கு வராமை, மதுபோதை, கீழ்ப்படியாமை. கற்பித்தல் இல்லை.

"ஏனையவையில போடுங்க சேர்," என்றார்.

போட்டேன். நாற்பது எழுத்துக்குள் முடிந்துவிட்டது.  ஹலீம் நானா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, என் முன்னால் இருந்த தட்டச்சுப் பலகையைத் தன் பக்கம் இழுத்தார். அவர் அதைத் தொட்டு இரண்டு வருடம் இருக்கும்.

"வெளியால இருந்து விசாரணை அலுவலர் வருவார்," என்றார். "வாறதுக்கு முன்ன சாட்சிகளைத் தயார்ப்படுத்தி வைக்கிறது இணைப்பாளர்ட கடமை. நீங்கதான் இன்னும் இணைப்பாளர். புது வகுப்பில இருபத்தேழு பேர் சும்மாதான் இரிக்காங்க. பேரைப் போடட்டா?"

"அவங்க எதுக்கு நானா சாட்சி? எட்டாம் அலகை நான் அவங்களுக்குப் படிப்பிக்கல்லியே."

"அதுக்குத்தான் சாட்சி," என்றார். "என்ட மகள் பரீனாவும் அதுக்குள்ள இரிக்கா."

பெயர்களைத் தட்டத் தொடங்கினார். வேகமாக, பார்க்காமலே தட்டினார். கடைசிப் பெயர் முடிந்ததும் நிறுத்தினார்.

"எத்தனை நாள் கேக்கிற சேர்? எட்டாம் அலகுக்கு ஒன்பது நாள் போதும்தானே?"

"அவங்களுக்கு ஏழும் நடக்கல்ல. ஆறும் அரைவாசிதான்."

"அப்ப முப்பது நாள் போடுறன்," என்றார். "அந்த விசாரணைப் பலகை அலுமாரிக்குள்ளதான் இரிக்கு."